உப்புப் பாக்க ஆளில்லாத டிசம்பர்

சமையல்காரனுக்கு நாக்குதான் முதல். அந்த நாக்கை டிசம்பர் பூரா பூட்டி வச்சுட்டு சீசனுக்குச் சமைக்கிற ஆளு நான். ஹோட்டல், ரிசார்ட், டாக்ஸி, பேக்கரின்னு எங்கயாவது நின்னு, சொந்தப் பண்டிகையை அடுத்தவங்களுக்குப் பரிமாறிட்டு வீட்டுக்குப் போய்ப் பழைய சோறு தின்ன மகா ஜனங்களே, இது உங்களுக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம், ஆனா சிரிக்கக் கூடாது.

என் பேரு அந்தோணி. மூணாறு மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுல பொறந்து, இப்ப பள்ளிவாசல்ங்கிற ஊர்ல ஒரு ரிசார்ட்டுல தலைமைச் சமையல். தமிழ்க் கத்தோலிக்கன். எங்க ஆளுங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்தான் பெருசு. ஆனா என் வீட்டுக்காரி லிஸி அடிமாலிக்காரி, மலையாளத்துக்காரி. கல்யாணத்துக்குச் சீதனமா அவ கொண்டு வந்தது இருபத்தஞ்சு நோம்பு. டிசம்பர் ஒண்ணுல இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பால் விடாத கட்டன் சாயா மட்டும் குடிக்கலாம். முதல் வருஷம் அவளுக்குப் பயந்து பிடிச்சேன். அப்புறம் நெசமாவே மனசுக்குப் பிடிச்சுப்போச்சு.

நோம்பு பிடிக்கிறது எதுக்கு? கிறிஸ்மஸ் பூசையில நின்னு நன்மை, அதான் நற்கருணை, வாங்கத்தான். அதுதான் எனக்குக் கிடைக்கவே இல்ல. ராத்திரிப் பூசை நேரத்துல இங்க பெரிய விருந்து, காலைப் பூசை நேரத்துல இங்க டிபன். ரிசார்ட்டுல சேந்ததுல இருந்து ஒரு கிறிஸ்மஸ் பூசையும் நான் பாத்ததில்ல. இந்த வருஷம் என் மக ஸ்டெல்லா காலைப் பூசையில முதல் வாசகம் வாசிக்கணும்னு பங்குச் சாமியார் சொல்லிட்டாரு. மைக்குக்கு எட்டாதுன்னு ஒரு பலகை கூட போட்டு வச்சாச்சாம். "அப்பா, நீங்க முன்னாடி பெஞ்சுல இருக்கணும்"னு கையைப் பிடிச்சுக் கேட்டா. வாரேன்னு சொல்லிட்டேன். சொல்லுறது சுலபம்.

மூணு நாக்குக்கும் லீவு

எங்க அடுக்களையில எனக்கு அடுத்த ஆளு முருகேசன். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரரு. வீட்டுல நெல்வயல் இருக்கு, தம்பி பாத்துக்கிடுதான். மத்த மாசமெல்லாம் நான் அவரை "ஏய் முருகேசா"ன்னுதான் கூப்பிடுவேன். கார்த்திகையில சபரிமலைக்கு மாலை போட்டுட்டா "சாமி, கொஞ்சம் வெங்காயம் உரிச்சுத் தாங்க சாமி." வேட்டி கருப்பு, தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனி மூலை. கறிச்சட்டி இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. எங்களுக்கு மேல மேனேஜர் மணி சார். பாலக்காட்டு அக்ரகாரம். பொறந்ததுல இருந்து முட்டை உள்ள கேக்கைக்கூடத் தொட்டதில்ல. ஆக, நான் நோம்பு, சாமி விரதம், சாரு சைவம். வர்ற கெஸ்ட்டு பூராவும் கோழி, ஆடு, மீன்.

"பரிமாறுற பையன் செல்வத்தை ருசி பாக்கச் சொல்லலாமே"ன்னு கேப்பீங்க. சொன்னோம். ஒரு கரண்டி ருசி பாக்கக் குடுத்தா அரைச்சட்டி காணாமப் போச்சு. அன்னைக்கோட மணி சார் அந்த வேலையை ரத்து பண்ணிட்டாரு. பெறகு ஒரே வழி, முதல்ல சாப்பிட உக்காருற மேசைதான் எங்க நாக்கு. கதவு இடுக்குல நின்னு முதல் கவளத்துக்கு அவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாப்பேன். சென்னையில இருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கோழி வறுவலைக் குடுத்துட்டு, மனசு கேக்காம நானே போய் "உப்பு சரியா இருக்கா சார்?"னு கேட்டேன். சரின்னாரு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் போனேன். மூணாவது தடவை போனப்ப அவரு பிள்ளைங்க தட்டைத் தள்ளி வச்சுட்டு என்னை ஏற இறங்கப் பாத்துட்டுக் கேட்டாரு:

"ஏங்க, எங்க மூஞ்சியையே இப்படிப் பாக்குறீங்களே, இதுல என்னதான் போட்டிருக்கீங்க?"

தேருக்கு லீவு உண்டு

டிசம்பர் முத வாரமே மணி சார்கிட்டப் போயி நின்னேன். கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலையில மட்டும் ரெண்டு மணி நேரம் விடுங்க சார், மக வாசகம் வாசிக்கா, பூசையைப் பாத்துட்டு ஓடி வந்துருதேன்னேன். சாரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அவரு கண்ணாடியைத் துடைச்சா காரியம் ஆகாதுன்னு அர்த்தம்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. மறைக்க என்ன இருக்கு? "சார், போன மாசம் உங்க தெருத் தேருக்கு நீங்க லீவு போட்டீங்க, நான் சமாளிச்சேன். தையில சாமி மலைக்குப் போறாரு, அதையும் சமாளிப்பேன். எனக்கு மட்டும் ஏன் சார் இல்ல?"ன்னு கேட்டுட்டேன். சாரு கோவப்படல. ரொம்ப நிதானமா, கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கினாரு:

"ஓய், எங்காத்துத் தேரைப் பார்க்க இங்க ஒரு கெஸ்ட்டும் வரதில்லை, உம்ம கிறிஸ்மஸுக்குத்தான் வரா. அதனாலே உம்ம பண்டிகைக்கு நீர் இங்க இருந்தே ஆகணுமாக்கும்."

ஆமென்

பூசைதான் இல்ல, ஜெபமாவது சொல்லுவோம்னு பரோட்டா மாவு பிசையிறப்ப ஜெபமாலை சொல்ல ஆரம்பிச்சேன். ஜெபமாலை மணிக்குப் பதிலா மாவு உருண்டை. ஒரு உருண்டைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. நல்லாத்தான் போச்சு. கை ஓட ஓட மனசு அடங்கும், கண்ணுல தண்ணிகூட வரும். சாமி வெங்காயம் உரிக்கிறதால வர்ற தண்ணியா, பக்தியில வர்ற தண்ணியான்னு மட்டும் உறுதியாச் சொல்ல முடியாது.

ஒருநாள் கண்ணை மூடி உருகிட்டு இருக்கேன். செல்வம் வாசல்ல நின்னு "அண்ணே, ஆறாம் நம்பருக்கு ரெண்டு ஆம்லெட்"ன்னு கத்துறான். ஜெபத்தோட வேகத்துல நான் "ஆமென்"னுட்டேன். அவன் நோட்டையும் பேனாவையும் எடுத்தான். பெறகு ரொம்ப மரியாதையாக் கேட்டான்:

"ஆமென்னா வெங்காயம் போட்டதா, போடாததா அண்ணே?"

தாத்தா வேஷம்

ரிசார்ட்டுல கிறிஸ்தவன் நான் ஒருத்தன்தான். அதனால சிவப்புச் சட்டை, பஞ்சுத் தாடி, வயித்துக்குத் தலகாணி எல்லாம் என் தலையில விழுந்துச்சு. "எங்க வேதத்துல கிறிஸ்மஸ் தாத்தாவே கிடையாது சார்"னு சொல்லிப் பாத்தேன். "உம்ம வேதத்துல இல்லாட்டா என்ன, நம்ம பேக்கேஜ்ல இருக்கே"ன்னுட்டாரு. சாயங்காலம் ஆனா அடுப்பை அணைச்சுட்டு, வேஷத்தைக் கட்டிட்டு, முட்டாயி குடுத்துட்டு, திரும்ப வந்து மீனைப் பொரிக்கணும். தாடியில மசாலா வாடை. கட்டிப் பிடிச்ச பிள்ளைங்கள்ல பாதி "தாத்தா மேல மீன் வாசம்"னு சொல்லிட்டு ஓடிருச்சு.

மதுரையில இருந்து வந்த ஒரு அம்மா மட்டும் பக்கத்துல வந்து அன்பா விசாரிச்சாங்க. "கிறிஸ்மஸ்க்கு இந்தப் பக்கம் என்னங்க விசேஷம்?"னு கேட்டாங்க. அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களேன்னு எனக்கு நெஞ்சு நிறைஞ்சுருச்சு. தாடியை இறக்கிட்டு, "மாட்டுப்பட்டி ரோட்டுல எங்க கோயில் இருக்கும்மா, காலையில ஏழு மணிக்குப் பூசை, பாட்டெல்லாம் பிரமாதமா இருக்கும், என் மகதான் வாசகம்"னு மூச்சு விடாம சொன்னேன். அவங்க பாவம், முழுசாக் கேட்டுட்டுத்தான் சொன்னாங்க:

"அது இருக்கட்டும்பா, இங்க டிஜே எத்தனை மணிக்கு?"

தொட்டில் காலி

வரவேற்பறையில பெருசா ஒரு குடில் போட்டாங்க. வைக்கோல், ஆடு, மாடு, மாதா, சூசையப்பர், சுத்தி நூறு கலர் லைட்டு. டிசம்பர் தொடக்கத்துலயே குழந்தை இயேசு சொரூபத்தையும் தொட்டில்ல கிடத்திட்டாங்க. எனக்குப் பொறுக்கல. எங்க வீடுகள்ல கிறிஸ்மஸ் பொறக்குற வரைக்கும் தொட்டில் காலியாத்தான் இருக்கும். காத்திருக்கிறதுதானே அந்த மாசமே? மாதா இன்னும் வாயும் வயிறுமா நடந்து வந்துட்டு இருக்கா, அதுக்குள்ள பிள்ளை எப்படி வரும்? யாரும் பாக்காதப்ப குழந்தையை எடுத்துட்டு வந்து அடுக்களையில ஏலக்காய் டப்பாவுக்குள்ள பத்திரமா வச்சேன். டப்பாவைத் திறந்த சாமி ஒரு நிமிஷம் அசந்துட்டு, கன்னத்துல போட்டுட்டு மூடி வச்சுட்டாரு. வாயைத் திறக்கல.

கெஸ்ட்டுங்க வாயைத் திறந்தாங்க. குழந்தை தொலைஞ்சு போச்சுன்னு மணி சாருக்குப் புகார் மேல புகார். யாரோ சிசிடிவி பாக்கச் சொன்னாங்களாம். கடைசியில நானே போயி ஒத்துக்கிட்டு விளக்கம் சொன்னேன். சாருக்கு என்ன தோணுச்சோ, "சரி, பிரசவம் ஆகறபோது சொல்லும்"னு விட்டுட்டாரு. மறுநாள் பொள்ளாச்சியில இருந்து வந்த ஒரு பெரியவரு குடில் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. செல்போனை எடுக்கல. என்னைப் பாத்ததும் கிட்ட வந்தாரு. லைட்டைக் காட்டிக் கேட்டாரு:

"புள்ளை இல்லாத தொட்டிலுக்கு எதுக்குங்க இத்தனை லைட்டு?"

மூணு நல்ல மனசு

இருபத்து நாலாம் தேதி மத்தியானம், ரெண்டு பஸ் கெஸ்ட்டுக்கு ஆட்டுக்கறி பிரியாணி. சீரகச் சம்பா, ஒரே பாத்திரம். தண்ணி கொதிச்சுது, உப்பு போட்டேன், அரிசி போடப் போறேன். அந்த நேரம் பாத்து, தாத்தா தாடி கிழிஞ்சுபோச்சு, புதுத் தாடி சரியா இருக்கான்னு பாக்க வான்னு ஆளு வந்துருச்சு. போயிட்டேன்.

நான் உப்பு போட்டதைச் சாமி பாக்கல. அண்ணன் மறந்துட்டாரு போலன்னு நெனச்சு, பாத்திரத்தைத் தொடாம, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, எட்ட நின்னு மேல இருந்தே ரெண்டு கைப்பிடி தூவிட்டு, கையைக் கழுவிட்டுத் தன் மூலைக்குப் போயிட்டாரு. அப்புறம் மணி சார் மூக்கைக் கைக்குட்டையால பொத்திட்டு மேற்பார்வைக்கு வந்திருக்காரு. உப்பு டப்பா திறந்திருக்கு, அடுப்புகிட்ட ஆளில்ல. நல்லது செய்யுறதா நெனச்சு அவரும் ஒரு கைப்பிடி. நான் வந்தேன், அரிசியைப் போட்டேன், தம் போட்டேன். மூணு பேருக்கும் நல்ல மனசு. மூணு பேராலயும் அதுல ஒரு பருக்கையை எடுத்து வாயில வைக்க முடியாது.

மூஞ்சிகளைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. வெறுஞ்சோறு வடிச்சு, உருளைக்கிழங்கை வேக வச்சு, உப்பில்லாத தயிர்ப்பச்சடியை வாளி வாளியா இறக்கி ஒரு வழியாச் சமாளிச்சோம். மணி சார் மேசை மேசையாப் போயி மன்னிப்புக் கேட்டாரு. தூத்துக்குடிக்காரர் ஒருத்தரு தண்ணியைக் குடிச்சு முடிச்சுட்டு அவரை நிமிந்து பாத்தாரு:

"சார், உப்பளத்துலயே பொறந்து வளந்தவன் நான். கடலே இல்லாத ஊர்ல இம்புட்டு உப்பை எங்க இருந்து கொண்டாந்தீங்க?"

சைவக் கிறிஸ்மஸ்

அன்னைக்குச் சாயங்காலம் மணி சார் அடுக்களைக்கே வந்துட்டாரு. "நாளைக்குக் காலமே நீர் இந்த அடுப்பை விட்டு அசையப்படாது"ன்னாரு. மாசம் பூரா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி, கடைசியில நன்மையும் இல்ல, பிள்ளை வாசகமும் இல்லன்னா அப்புறம் அது நோம்பில்ல, வெறும் பட்டினி. ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்றதுன்னு தெரியாம கரண்டியைக் கழுவிட்டே இருந்தேன். ஒரே கரண்டி.

சாமிதான் தன் மூலையில இருந்து பேசினாரு. "ஏனுங்க சார், நான் எப்படியும் விடியறதுக்கு முன்னாடி குளிச்சுப் பூசை பண்றவனுங்க. இட்லி, பொங்கல், வடை, கேசரி அத்தனையும் நானே போட்டுடறனுங்க. அண்ணன் போயிட்டு வரட்டுங்க. ஆனா ஒண்ணு, கறியும் முட்டையும் தொடமாட்டனுங்க." சாரு கண்ணாடியைக் கழட்டினாரு. என் உசிரே போச்சு. ஆனா துடைக்கல, அப்படியே திரும்ப மாட்டிக்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல வரவேற்பறையில ஒரு பலகை வந்துச்சு: கிறிஸ்மஸ் ஸ்பெஷல், சுத்த சைவக் காலை உணவு. அதைப் பாத்துட்டு ஈரோட்டுக்காரம்மா ஒருத்தங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னாங்க:

"இதுக்கு நாம ஊட்டுலயே இருந்து மார்கழி கும்பிட்டிருக்கலாமுங்களே!"

ஊடு நெறைஞ்சுது

விடியக்காலம் கிளம்புறப்ப ஏலக்காய் டப்பாவைத் திறந்து குழந்தையை எடுத்தேன். ஏலக்காய் வாசம் தூக்கலா இருந்துச்சு. வரவேற்பறையில ஈ காக்கா இல்ல. டிஜே ஆடினவங்க எல்லாம் உறக்கம். கலர் லைட்டு மட்டும் யாருக்காகவோ மினுக்கிட்டு இருக்கு. முட்டி போட்டு, குழந்தையைத் தொட்டில்ல வச்சேன். ஒரு மாசமா நான் பாத்த கிறிஸ்மஸ்ல இதுதான் முதல் கிறிஸ்மஸ்.

பின்னாடி ஆளு நிக்கிற மாதிரி தோணித் திரும்பினேன். சாமி. தலையில ஈரம், வெறுங்காலு, நெத்தியில சந்தனம். கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிக்காரு. "போங்கண்ணா, நேரமாச்சுங்க, பாப்பா காத்துக்கிட்டு இருக்கும்"னு என்னைத் தட்டிவிட்டுட்டு, குடிலைப் பாத்து தனக்குத்தானே சொன்னாரு:

"இப்பத்தானுங்க ஊடு நெறைஞ்சுது."

பிளாக்

மூணாறு டவுன் வரைக்கும் ஆட்டோ பறந்துச்சு. டவுனைத் தாண்டி மாட்டுப்பட்டி ரோட்டுல திரும்பினதும் நின்னுபோச்சு, பிளாக்கு, அதான் டிராபிக் ஜாம். முன்னாடி கார், அதுக்கு முன்னாடி கார். வளைவுல ஒரு டூரிஸ்ட் பஸ் திரும்ப முடியாமக் குறுக்க நிக்குதாம். அத்தனை பேரும் கிறிஸ்மஸ் கொண்டாட வந்தவங்க, கோயிலுக்குப் போற ரோட்டை அடைச்சுட்டு நிக்காங்க. டேமுல முதல் படகு பிடிக்கணுமாம். யாரைச் சொல்லி என்ன, இவங்க வயித்துக்குத்தானே மாசம் பூரா நான் பொங்கிப் போட்டேன். ஆட்டோவை விட்டு இறங்கி மேட்டுல ஓட ஆரம்பிச்சேன். இந்த உடம்பு ஓடுற உடம்பு இல்ல. வயித்துல கட்டன் சாயா மட்டும்தான்.

பாதி மேட்டுல நெஞ்சு அடைச்சு, ஒரு காரைப் பிடிச்சுட்டு நின்னேன். அப்பத்தான் கேட்டுச்சு. கோயில் ஒலிபெருக்கி. தேயிலைக்காடு பூரா எதிரொலிக்குது. "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்." என் மக குரல். ஹாரனுக்கு மேல, ஏறுங்க இறங்குங்கன்னு கத்துற டிரைவர்களுக்கு மேல, கணீர்னு. எருசலேம்னு வர்ற எடத்துல மூச்சு வாங்கினா, அப்புறம் பிடிச்சுக்கிட்டா. நான் ரோட்டு நடுவுல கைகூப்பி நின்னு முழுசாக் கேட்டேன். கண்ணு தண்ணியா ஊத்துது, இந்தத் தடவை வெங்காயம் இல்ல. "ஆண்டவரின் அருள்வாக்கு"ன்னு முடிச்சா. பெஞ்சுல உக்காந்திருந்தா எப்படிச் சொல்லுவேனோ அதைவிடச் சத்தமா "இறைவா உமக்கு நன்றி"ன்னேன். நான் பிடிச்சு நின்ன கார்ல இருந்து ஒரு தலை ஆசையா எட்டிப் பாத்துச்சு:

"என்னண்ணே, பிளாக் கிளியர் ஆயிருச்சா?"

முன்னாடி பெஞ்சு

கோயிலுக்குப் போய்ச் சேந்தப்ப பிரசங்கம் முடிஞ்சிருந்துச்சு. வாசல்ல நின்னுதான் பூசை பாத்தேன். ஆனா நன்மை வாங்கிட்டேன். அது போதும். வீட்டுக்குப் போனதும் லிஸி அப்பமும் கோழிக்கறியும் எடுத்து வச்சா. ஒரு மாசத்துக்கு அப்புறம் முதல் கவளம். கறியில ஒரு கல்லு உப்பு இல்ல. அவளும் நோம்புக்காரிதானே, எப்படிப் பாத்திருப்பா? கதவு இடுக்குல நின்னு நான் பாக்குற மாதிரியே என் மூஞ்சியைப் பாத்துட்டு, "உப்பு சரியானோ?"ன்னு கேட்டா. "ரொம்பச் சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு ரெண்டாவது தடவையும் வாங்கித் தின்னேன்.

ஸ்டெல்லா மட்டும் உம்முன்னு உக்காந்திருந்தா. "முன்னாடி பெஞ்சுல வந்து உக்கார முடியல கண்ணு, ரோட்டுல நின்னு முழுசாக் கேட்டேன். எருசலேம்ல மூச்சு வாங்கினல்ல?"ன்னேன். அவ மூஞ்சி மலர்ந்துச்சு. அப்பத்தான் சொன்னா:

"பெஞ்சுல உங்களைக் காணோம்ப்பா, பிளாக்குல மாட்டியிருப்பீங்கன்னு தெரியும், அதான் ரோட்டுக்குக் கேக்குற மாதிரி வாசிச்சேன்."

சீசன்ல விசுவாசத்தைக் காப்பாத்துறது எப்படின்னு என்னைக் கேட்டா, மாசம் பூரா வாயைக் கட்டுறது நம்ம பாடு, பிளாக்குல நிக்கிற ஆளையும் தேடிப் பிடிக்கிறது ஆண்டவர் பாடு, நடுவுல உப்பை மட்டும் யாராவது ஒருத்தர் போட்டாப் போதும்.